தோற்றவரைக் கைவிடாத நாடு

டாக்காவில் வங்கதேசத்திடம் இந்தியா 1-0 என்று தோற்ற இரவு, 2025 நவம்பர் 18. எங்கள் ஊர் வாசகசாலைத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். கடைசி விசில் ஊதி முடிப்பதற்குள் ஒரு பையன் எழுந்துவிட்டான். "கோச்சை மாத்தணும்" என்றான். இருபது வயது. நல்ல விங் ஆட்டக்காரன். பக்கத்தில் இருந்தவன் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னான். பிறகு எல்லோரும் சொன்னார்கள். காலித் ஜமீல் இந்திய அணியின் பொறுப்பை ஏற்று அப்போது நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே பேச்சுக்குக் கை தூக்கியவன் நான்.

குமரி மாவட்டத் தூத்தூர்க் கரையில் பிறந்தவன். இந்தக் கரையில் கடலுக்குப் போகாத வீடும் பந்து உதைக்காத பையனும் அபூர்வம். இந்தியாவுக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் எங்களுக்குப் பக்கத்து இரவிபுத்தன்துறைக்காரர். நான் அந்த உயரத்துக்குப் போனவன் இல்லை. பதினெட்டு வருஷம் திருவிழாக் கோப்பைகளிலும் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்களிலும் ஸ்டாப்பராக நின்றேன். பிறகு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது சாயங்காலம் கடற்கரையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

ஸ்டாப்பரின் வேலையில் பந்தைத் தட்டிவிடுவது பாதிதான். மீதி எல்லாம் வாய். முன்னால் இருக்கிற ஒன்பது பேருக்கும் முதுகுப் பக்கம் கண் கிடையாது. கடைசியில் நிற்பவனுக்கு மட்டுமே மைதானம் முழுக்கத் தெரியும். அதனால் அவன் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஏறு, இறங்கு, ஆளை விடாதே, நேரம் இருக்கிறது, திரும்பு. ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் எனக்குத் தொண்டை கட்டியிருக்கும், கால் வலிக்காது. மறுநாள் காலை மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கோல் போட்டவனுக்குச் சாயா வாங்கிக் கொடுப்பார்கள். என்னிடம், அந்த ஒரு பந்தை ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். இப்படிப் பல வருஷம் நின்று பழகியவன் வெளிக்கோட்டில் போய் நின்றாலும் அதே வேலையைத்தான் செய்கிறான். பந்து மட்டும் அவன் காலுக்கு வராது.

அப்படி ஒருவரைப் பற்றித்தான் அந்த இரவு பையன்களிடம் சொல்ல நினைத்தேன். செனகல் நாட்டின் அலியூ சிஸ்ஸே.

1976 மார்ச் 24இல் செனகலின் தெற்கில், காசமான்ஸ் பகுதியின் ஜிகின்ஷோர் நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் பிரான்சுக்குப் போய்விட்டது. பாரிசுக்குப் பக்கத்தில் ஷாம்பினி என்கிற புறநகரில் வளர்ந்தார். லீல், செடான், பாரிஸ் சான் ஜெர்மேன், பிறகு இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் சிட்டி, போர்ட்ஸ்மவுத் என்று பல அணிகளுக்கு ஆடினார். பெரும்பாலும் பின்வரிசைக்கு நேர் முன்னால் கதவு மாதிரி நிற்பார். தேவைப்பட்டால் ஸ்டாப்பராகவும் இறங்குவார். காலை நீட்டப் பயப்படாதவர். அழகான ஆட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவர் பக்கத்தில் ஆடுபவனுக்கு நிம்மதி இருக்கும். அதன் அருமை அந்த வரிசையில் ஆடியவர்களுக்குத் தெரியும்.

2002ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையில் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டியது. பிப்ரவரி 10, மாலி நாட்டுத் தலைநகர் பமாக்கோ. ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டம். அதுவரை அந்தக் கோப்பையை ஒரு தடவைகூடத் தொடாத செனகலுக்கு எதிரில் காமரூன். கோல் இல்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போனது. செனகலின் ஐந்தாவது பெனால்டியை அடிக்க வந்தவர் கேப்டன் சிஸ்ஸே. அடித்திருந்தால் சமன். காமரூன் கோல்கீப்பர் அலியூம் பூக்கார் தடுத்துவிட்டார். 3-2. கோப்பை போனது.

நாலு மாதத்துக்குள் அதே அணி, அதே கேப்டன், சியோல் நகரில் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் இறங்கினார்கள். எதிரில் நடப்புச் சாம்பியன் பிரான்ஸ். மே 31. பாப்பா பூபா டியோப் விழுந்துகொண்டே தள்ளிவிட்ட பந்து கோலானது. சட்டையைக் கழற்றிக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் தரையில் விரித்து, அதைச் சுற்றி அவர்கள் ஆடியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அப்போது எங்கள் தெருவில் ஒரே டிவி. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் உள்ளே இருந்தவர்களைவிட அதிகம். செனகல் எங்கே இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் அந்த கோலுக்குத் தெருவே கத்தியது. அவர்கள் காலிறுதி வரை போனார்கள். 1990இல் காமரூன் போனபிறகு அவ்வளவு தூரம் போன இரண்டாவது ஆப்பிரிக்க அணி.

அந்த வருஷம் அதோடு முடியவில்லை.

காசமான்ஸுக்கும் செனகலின் மற்றப் பகுதிக்கும் நடுவில் காம்பியா என்கிற நாடு கத்தி மாதிரி செருகிக்கொண்டு கிடக்கிறது. தெற்கே பிரிவினைச் சண்டையும் நடந்ததால் சாலைப் பயணத்துக்கு மக்கள் பயந்தார்கள். ஜிகின்ஷோரிலிருந்து தலைநகர் டக்காருக்குப் போக 'லெ ஜூலா' என்ற கப்பல்தான் வழி. 2002 செப்டம்பர் 26 இரவு, சுமார் 580 பேருக்கான அந்தக் கப்பல் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போய், காம்பியாக் கடலில் காற்றும் மழையும் அடித்தபோது கவிழ்ந்தது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 1,863. பிழைத்தவர்கள் 64. டைட்டானிக்கில் செத்தவர்களைவிட இது அதிகம். பள்ளி, கல்லூரி திறக்கிற நேரம் என்பதால் நிறைய மாணவர்கள். அரசின் உதவி வருவதற்கு முன்னால், கண்ணில் பட்டவர்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் அந்தப் பக்கத்து மீன்பிடிக்காரர்கள். சிஸ்ஸேயின் குடும்பத்தில் பத்துப் பேருக்கு மேல் அந்தக் கப்பலில் போனார்கள். சேதி வந்தபோது அவர் பர்மிங்ஹாமில் ஆடிக்கொண்டிருந்தார்.

இதை நான் வெறும் தகவலாகப் படிக்க முடியாதவன். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்குப் பிறகு எங்கள் கரையில் எத்தனையோ வீடுகளில் உடல்கூட இல்லாமல் அடக்கப் பூசை வைத்தோம். கடலிலிருந்து ஆட்களை எடுத்துவந்தவர்கள் எங்களுடையவர்களே. மாதக்கணக்கில் கடற்கரையில் பந்துச் சத்தமே இல்லை.

அந்த மௌனத்தை உடைத்தவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்கு நான் கை தூக்கிய கதையைச் சொல்லியாகவேண்டும்.

1990களின் நடுவில் எங்கள் கிளப் இரண்டு வருஷத்தில் மூன்று இறுதி ஆட்டங்கள் தோற்றது. பயிற்சியாளரை நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அவரும் பழைய ஸ்டாப்பர். எனக்கு நிற்கச் சொல்லிக் கொடுத்ததே அவர். பந்தைப் பார்க்காதே மக்கா, ஆள் இடுப்பைப் பார், இடுப்பு பொய் சொல்லாது என்பார். மூன்றாவது தோல்விக்குப் பிறகு கமிட்டி கூடியது. வெளியூரிலிருந்து ஒருவரைக் கொண்டுவரலாம் என்று பேச்சு. கை தூக்கச் சொன்னார்கள். என் கையும் எழுந்தது. அவர் பேசவில்லை. தோள்பையிலிருந்து பந்துக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்து மேசைமேல் வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதற்குள்தான் பம்பின் ஊசியைக் காணாமல் போகாதபடி வைத்திருப்பார். போய்விட்டார். வெளியூர்க்காரர் வந்தார், வெளியூர் ஆட்டக்காரர்களும் வந்தார்கள். இரண்டு சீசன் கழித்து அவர்கள் போனார்கள். எங்கள் பையன்களில் பாதிப்பேர் அதற்குள் ஆட்டத்தையே விட்டிருந்தார்கள்.

ஒக்கிக்குப் பிறகு ஒரு சாயங்காலம், யாரும் கூப்பிடாமல், மாஸ்டர் கடற்கரைக்கு வந்தார். கையில் ஒரு பந்து. எழுபது வயதைத் தாண்டிவிட்டார். அப்பனைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளைகளின் வீடு வீடாகப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். விளையாடுங்கள் என்று சொல்லவில்லை. பந்தை நடுவில் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன். "அந்தச் சின்னவன் இடது கால் நல்லா இருக்கு, பாரு" என்றார்.

சரி, செனகலுக்கு வருகிறேன்.

2015 மார்ச்சில் சிஸ்ஸேயை நாட்டு அணிக்குப் பயிற்சியாளராகப் போட்டார்கள். அதற்குமுன் 23 வயதுக்கு உட்பட்ட அணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் இருந்தவர் பிரான்ஸ் நாட்டின் பழைய நட்சத்திரம் அலென் ஜிரேஸ். ஆப்பிரிக்காவில் நாட்டு அணி என்றால் ஐரோப்பியப் பயிற்சியாளர் என்பது ரொம்ப காலப் பழக்கம். உள்ளூர்க்காரர் வந்தால் தற்காலிகம். வெள்ளைக்காரர் கிடைக்கும்வரை நாற்காலியைச் சூடாக வைத்திருப்பவர். 2018 உலகக் கோப்பையில் 32 பயிற்சியாளர்களில் கறுப்பர் சிஸ்ஸே ஒருவர்தான். சம்பளமும் எல்லோரையும்விட அவருக்கே குறைவு என்று செய்திகள் வந்தன.

ஏறுவதற்கு முன்னால் அவர் எத்தனை தடவை தோற்றார் என்று அந்தத் திண்ணைப் பையன்களுக்கு நான் எண்ணிக் காட்டினேன்.

2017 ஆப்பிரிக்கக் கோப்பை, காபோன். காலிறுதியில் மறுபடியும் அதே காமரூன், மறுபடியும் கோல் இல்லாமல் பெனால்டி. நான்கு பேர் அடித்தார்கள், நான்கும் உள்ளே. ஐந்தாவதாக வந்தவர் அணியின் பெரிய ஆட்டக்காரர் சாடியோ மானே. கோல்கீப்பர் தடுத்தார். 5-4. பதினைந்து வருஷம் முன்னால் தனக்கு நடந்தது கண்ணெதிரில் இன்னொருவனுக்கு நடப்பதை, அதே ஐந்தாவது பெனால்டியை, அதே எதிரணியிடம், சிஸ்ஸே வெளிக்கோட்டில் நின்று பார்த்தார்.

2018, ரஷ்யா. பதினாறு வருஷத்துக்குப் பிறகு செனகல் உலகக் கோப்பைக்குப் போனது. போலந்தை 2-1 ஜெயித்தார்கள். ஜப்பானோடு 2-2. கொலம்பியாவிடம் 1-0 தோல்வி. ஜப்பானும் செனகலும் புள்ளியில் சமம், போட்ட கோல் சமம், வாங்கிய கோல் சமம். மஞ்சள் அட்டையை எண்ணினார்கள். ஜப்பானுக்கு 4, செனகலுக்கு 6. அதனால் செனகல் வெளியே. உலகக் கோப்பையில் இப்படி வெளியேறிய முதல் அணி. விளையாட்டு முடிந்து சிஸ்ஸே விதியைத் திட்டவில்லை. விதி அதுதான், மதித்தாகவேண்டும் என்ற பொருளில் பேசினார். ஆடிய காலத்தில் தானும் அட்டை வாங்கத் தயங்காதவர் என்பதால் அந்த இரண்டு அட்டையின் கனம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

2019, கெய்ரோ. ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி. எதிரில் அல்ஜீரியா. அதன் பயிற்சியாளர் ஜமால் பெல்மாடியும் சிஸ்ஸே வளர்ந்த அதே ஷாம்பினிக்காரர். சிஸ்ஸே பிறந்ததற்கு மறுநாள், 1976 மார்ச் 25இல் பிறந்தவர். ஒரே புறநகர்ப் பிள்ளைகள் இரண்டு பேர், இரண்டு நாட்டுக்கு, ஒரே கோப்பைக்கு. செனகலின் முதல் ஸ்டாப்பர் கூலிபாலிக்கு அட்டைக் கணக்கில் தடை. ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிஷத்தில் அல்ஜீரியாவின் பூனெஜா அடித்த பந்து தடுக்க வந்தவர் மேல் பட்டு எகிறி, கோல்கீப்பர் தலைக்கு மேலே போய் இறங்கியது. மீதி நேரம் முழுக்க செனகல் முட்டிப் பார்த்தது. 1-0. கேப்டனாக ஓர் இறுதி, பயிற்சியாளராக ஓர் இறுதி, இரண்டிலும் தோல்வி.

இங்கேதான் நான் நிறுத்திப் பையன்களைப் பார்த்தேன். நம் ஊராக இருந்தால் என்ன செய்திருப்போம்? நான்கு வருஷம். மூன்று பெரிய போட்டி. கையில் கோப்பை இல்லை. செனகலிலும் எதிர்ப்புக் குரல் இல்லாமல் இல்லை. பயந்து ஆடுகிறார், இவ்வளவு நல்ல ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு கோல் வரவில்லை என்று சொன்னார்கள். அதில் உண்மையும் உண்டு. 2022 ஜனவரியில் காமரூனில் அடுத்த ஆப்பிரிக்கக் கோப்பை தொடங்கியபோது முதல் மூன்று ஆட்டத்தில் செனகல் போட்டது ஒரே கோல், அதுவும் கடைசி நிமிஷத்துப் பெனால்டி. ஆனால் வாங்கிய கோல்? ஒன்றுகூட இல்லை. ஸ்டாப்பர் வளர்த்த அணி அப்படித்தான் இருக்கும். அது பயமில்லை. வீட்டுக்குக் கதவு போட்ட பிறகுதான் ஜன்னலுக்குத் திரை வாங்குவோம். கதவு நின்றபிறகு கோல்களும் வந்தன. காலிறுதியில் மூன்று, அரையிறுதியில் மூன்று.

பிப்ரவரி 6, யாவுண்டே. எகிப்தோடு இறுதி ஆட்டம். நமக்கு அப்போது நடுச்சாமம் தாண்டி அரை மணி. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நானும் என் அண்ணன் மகனும் ஒரே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழாவது நிமிஷத்தில் செனகலுக்குப் பெனால்டி. மானே அடித்தார். எகிப்து கோல்கீப்பர் கபாஸ்கி தடுத்தார். என் அண்ணன் மகன் கைபேசியைக் கீழே வைத்துவிட்டான். சித்தப்பா, போச்சு என்றான்.

நூற்றிருபது நிமிஷம், கோல் இல்லை. மறுபடியும் பெனால்டி. முதலில் கூலிபாலி, உள்ளே. அடுத்து அப்து டியாலோ, உள்ளே. மூன்றாவது பூனா சார், தடுக்கப்பட்டது. நான்காவது பம்பா டியெங், உள்ளே. எகிப்துக்காரர் ஒருவர் அடித்தது கம்பத்தில் பட்டது. நான்காமவர் அடித்ததை செனகல் கோல்கீப்பர் எடுவார் மெண்டி பாய்ந்து தள்ளினார். பட்டியலில் ஐந்தாவது பெயர் சாடியோ மானே.

இதைத்தான் நான் அந்த இரவிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஐந்து வருஷம் முன்னால் ஐந்தாவது பெனால்டியைத் தவறவிட்டவர். அன்றைக்கே, இரண்டு மணி நேரம் முன்னால், இன்னொன்றையும் தவறவிட்டவர். அவருக்கு மறுபடியும் ஐந்தாவது இடம். எங்கள் கமிட்டியில் யாரும் அப்படி எழுதியிருக்கமாட்டார்கள், நான் உட்பட. பமாக்கோவில் அதே இடத்தில் நின்று தோற்ற ஒருவர் பயிற்சியாளராக இருந்த அணியில் அது நடந்தது. மானே ஓடி வந்து, கோல்கீப்பர் கைக்கு எட்டாதபடி ஓரமாக, முழு பலத்தோடு அடித்தார். 4-2. செனகலின் முதல் ஆப்பிரிக்கக் கோப்பை. மறுநாள் நாடு முழுக்க விடுமுறை விட்டார்கள். கேப்டனாகத் தோற்று இருபது வருஷம், பயிற்சியாளராகப் போட்டு ஏழு வருஷம்.

அந்த வருஷக் கடைசியில் கத்தார் உலகக் கோப்பை. மானே காயத்தில் வரவில்லை. நவம்பர் 29, எகுவடோரோடு ஜெயித்தே ஆகவேண்டிய ஆட்டம். பிரான்சுக்கு எதிரில் அந்த கோலைப் போட்ட பாப்பா பூபா டியோப் 2020இல் அதே தேதியில்தான் காலமானார். கேப்டன் கூலிபாலி தன் கைப்பட்டையில் டியோப்பின் 19 என்ற எண்ணை எழுதிக்கொண்டு இறங்கி, வெற்றி கோலை அவரே போட்டார். 2-1. ஸ்டாப்பர் போட்ட கோல். அடுத்த சுற்றில் இங்கிலாந்திடம் 3-0 என்று தோற்றது வேறு. தன்னோடு ஆடியவனின் நினைவைத் தன்னிடம் ஆடுகிறவனின் கையில் பார்க்கும் பேறு எத்தனை பயிற்சியாளருக்குக் கிடைக்கும்? நாட்டின் ஆட்ட வரலாறு ஒருவர் உடம்பிலேயே இருந்தால், பையன்களுக்கு அதைத் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சொந்த ஊர்க்காரரைப் போடவேண்டும் என்று நான் சொல்வது இதற்காக. 2019இல் பெல்மாடி, 2022இல் சிஸ்ஸே, 2024இல் ஐவரி கோஸ்டின் எமெர்ஸ் ஃபாயே என்று மூன்று ஆப்பிரிக்கக் கோப்பையை அடுத்தடுத்து அந்தந்த நாட்டுக்காரர்களே ஜெயித்துக் கொடுத்தார்கள்.

முடிவு நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். 2024 ஜனவரியில் ஐவரி கோஸ்டிடம், மறுபடியும் பெனால்டியில், செனகல் வெளியேறியது. அந்த அக்டோபரில் சிஸ்ஸேயின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விளையாட்டு அமைச்சகம் சம்மதிக்கவில்லை. ஒன்பதரை வருஷம் முடிந்தது. அடுத்த ஆண்டு லிபியா அணிக்குப் போனார். அவர் போன விதம் எனக்கு வருத்தமே. ஆனால் ஒன்பதரை வருஷம் கொடுத்தபிறகு அனுப்பினார்கள். அவர் விட்டுப்போன இடத்துக்கும் வெளிநாட்டுக்காரரைத் தேடவில்லை. 2002 அணியில் இருந்த பாப் தியாவையே போட்டார்கள்.

பையன்களில் ஒருவன் நியாயமான ஒரு கேள்வி கேட்டான். "நாமளும் ஸ்டிமாச்சுக்கு அஞ்சு வருஷம் குடுத்தோமே சார்?" கொடுத்தோம். இகோர் ஸ்டிமாச்சும் ஸ்டாப்பர்தான். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் வந்த குரோஷியாவின் பின்வரிசையில் நின்றவர். 2019இலிருந்து 2024 வரை இருந்தார், இரண்டு தடவை தெற்காசியக் கோப்பை ஜெயித்தார், ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோற்றார். பிறகு மனோலோ மார்க்கெஸ் ஒரு வருஷம். அவருக்குப் பிறகு காலித் ஜமீல். வருஷத்தை மட்டும் கொடுத்தால் போதாது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். சிஸ்ஸேயின் கையில் வந்த பையன்கள் எங்கிருந்து வந்தார்கள்? மானே ஜெனரேஷன் ஃபுட் என்கிற டக்கார்ப் பக்கத்து அகாடமியில் வளர்ந்தவர். இத்ரிசா கேயே டியாம்பார்ஸ் அகாடமியில். சின்ன வயதிலிருந்து வருஷம் முழுக்க ஆடி வந்தவர்கள். நமக்கு? டாக்காவில் அந்த ஆட்டம் நடந்தபோது இங்கே ஐ.எஸ்.எல். லீக் தொடங்கவே இல்லை. எப்போது தொடங்கும் என்று அப்போது ஆட்டக்காரர்களுக்கே தெரியவில்லை. லீக் நடக்காத நாட்டில், நாட்டு அணியின் கோச்சை மாற்றிக்கொண்டே இருப்பது, வலை கிழிந்து கிடக்கும்போது படகுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை.

நமக்குப் பொறுத்திருக்கத் தெரியாது என்றும் இல்லை. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றது. பயிற்சியாளர் ஹைதராபாத்தின் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். பத்து கோல்! இன்றைக்கு அப்படித் தோற்றால் விமானம் இறங்குவதற்குள் வேறு ஆளைப் போட்டிருப்பார்கள். அதே ரஹீம் 1956 மெல்பர்னில் நம்மை அரையிறுதிக்குக் கொண்டுபோனார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கித் தந்தார். இறுதியில் தென்கொரியாவை 2-1 ஜெயித்த ஆட்டத்தில் ஒரு கோல், தலையில் அடிபட்டிருந்ததால் முன்வரிசைக்கு மாற்றி அனுப்பிய ஸ்டாப்பர் ஜர்னைல் சிங் போட்டது. அந்த ரஹீமை 1952இலேயே மொத்தமாக ஒதுக்கியிருந்தால் இந்தியக் கால்பந்துக்குச் சொல்லிக்கொள்ள என்ன மிஞ்சியிருக்கும்?

காலித் ஜமீல் மகா திறமைசாலியா என்று எனக்கு இப்போது சொல்ல முடியாது. மிசோரமின் சின்ன கிளப்பான ஐஸாலை 2017இல் ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர் என்பது தெரியும். பன்னிரண்டு பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு முழுநேரமாக நாட்டு அணியின் பொறுப்பில் வந்த இந்தியர் என்பது தெரியும். நான்கு மாதத்தில் எவருக்கும் எதுவும் தெரியாது என்பதும் தெரியும். அவரை இப்போது மாற்றச் சொல்லும் எந்தக் கூட்டத்திலும் என் கை எழாது.

இதையெல்லாம் அன்றைக்குத் திண்ணையில் இவ்வளவு கோர்வையாகச் சொன்னேன் என்று இல்லை. துண்டு துண்டாகச் சொன்னேன். நடுவில் கரண்ட் போனது. இரண்டு பேர் கடலுக்குப் போக நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்கள். முதலில் எழுந்து கத்திய அந்த விங் பையன் மட்டும் கடைசிவரை இருந்தான்.

"அப்போ எத்தனை வருஷம் குடுக்கணும் சார்?"

"செனகல் ஏழு வருஷம் குடுத்தது மக்கா."

அவன் இருட்டில் விரல் விட்டு எண்ணினான். 2032 என்றான். பிறகு இன்னொரு தடவை எண்ணினான்.

"எனக்கு அப்போ இருபத்தேழு" என்றான்.